ஐப்பசியில் ஆற்றங்கரை வழியே நடக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். எட்டு வருடமாக, புரட்டாசி கடைசியிலிருந்து மார்கழி வரைக்கும் மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் காலை ரயிலைப் பிடித்துப் போய், ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கோ அதற்கும் அடுத்ததற்கோ ஆற்றங்கரை வழியாகவும் வாய்க்கால் கரை வழியாகவும் நடந்தே வருகிறோம். வருடா வருடம் நடக்க முடிகிற கரை குறைந்துகொண்டே வருகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வார விடுமுறை என்றால் மலைக்குப் போவது, இல்லாவிட்டால் கோயிலுக்குக் காரில் போய்க் காரில் வருவது என்று ஆகிவிட்டது. டெல்டாவில் பிறந்து வளர்ந்தவர்களே பலர் ஐப்பசி மாத வயலைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் அணை திறந்து தண்ணீரும் ஒழுங்காக வந்த வருடமாக இருந்தால், ஐப்பசியில் ஒரே நடையில் மூன்று விதமான வயலைப் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் குறுவை என்கிற குறுகிய கால நெல்லை அறுத்த பிறகு நிற்கிற அடித்தாள், மழைத் தண்ணீர் தேங்கி, கொக்கும் நத்தைகுத்தி நாரையும் இறங்கி மேய்ந்துகொண்டிருக்கும். வாய்க்காலைத் தாண்டினால் அதே மாதிரித் தாளை மடக்கி உழுது சேறடித்து அடுத்த போகமான தாளடி நடவு நடந்துகொண்டிருக்கும், டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குக் கூட்டம் ஓடும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஆவணியில் நட்ட சம்பா என்கிற நீண்ட கால நெல், பச்சை கட்டி, காற்று ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றுக்கும் மூன்று வாசனை உண்டு. நட்ட வயலின் சேற்று வாசனைக்கும் அறுத்த வயலில் நனைந்து கிடக்கும் வைக்கோல் வாசனைக்கும் உள்ள வித்தியாசம் எங்களோடு வருகிற பத்து வயதுப் பெண்ணுக்கு இப்போது கண்ணை மூடிக்கொண்டே தெரியும், அவள் கும்பகோணம் டவுனில் மாடி வீட்டில் வளர்கிற பிள்ளை.

வேலியோரம் கார்த்திகைப் பூ பூத்திருக்கும், அதுதான் செங்காந்தள், கிழங்கு விஷம், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். ஈச்ச மரத்திலும் பனையிலும் தூக்கணாங்குருவிக் கூடு தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும். வரப்பு ஓரத்தில் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் யாரும் போடாமலே முளைத்துக் கிடக்கும்.

புதிதாக நடக்க நினைப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது பசுபதிகோவில் வழிதான். பயணிகள் ரயிலில் அங்கே இறங்கிக்கொள்ள வேண்டும். புள்ளமங்கைக் கோயிலைப் பார்த்துவிட்டு (பத்தாம் நூற்றாண்டுக் கோயில், சுவரின் அடிப்பகுதியில் உள்ளங்கை அளவே இருக்கிற ராமாயணச் சிற்பங்களை உட்கார்ந்து பார்க்க வேண்டும், நின்றுகொண்டு பார்த்தால் தப்பிவிடும்) குடமுருட்டி ஆற்றுப் பக்கமாக ஐயம்பேட்டைக்கு நடக்கலாம். வழியில் வாழைத் தோட்டம், மூங்கில் கொத்து, அப்புறம் வெற்றிலைக் கொடிக்கால். கொடியை அகத்தி மரத்தில் ஏற்றிக் கட்டியிருப்பார்கள். உள்ளே நுழைந்தால் வெளியே எரிக்கிற வெயில் அங்கே இருக்காது, பச்சையாக ஒரு நிழல், கீழே ஈரக் கால்வாய். கொடிக்காலுக்குள் கேட்காமல் போகக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஐயம்பேட்டையில் டீ குடித்துவிட்டு, கால் தாங்குகிறவர்கள் பண்டாரவாடை வழியாகப் பாபநாசம் வரை போய் அங்கே ரயிலைப் பிடிக்கலாம். நின்று பேசி மெதுவாக நடந்தால் அரை நாள் ஆகும்.

காடு வேண்டும் என்பவர்கள் கோடியக்கரைக்குத்தான் போக வேண்டும். 1967-லிருந்து சரணாலயமாக இருக்கிற இடம், வெளிமான் கூட்டமும் பருவத்தில் பூநாரையும் வரும், ஆனால் அங்கே வனத்துறை அனுமதிக்கிற பாதையில்தான் நடக்கலாம். மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரிக்கரையும் நல்ல நடை, நவம்பருக்குப் பிறகு பறவைகள் நிறைய இருக்கும்போது போனால் நல்லது. கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் புது ஆறு என்பார்கள், அதன் கரையோரம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு முறை நடந்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளில் திரும்ப வைத்த கன்றுகள் ஆள் உயரத்துக்கு மேல் வந்திருந்ததைப் பார்த்தபோது, கூட வந்த ஒரு பெரியவர் ஒவ்வொரு தோப்பிலும் நின்று நின்று வந்தார், நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

நடப்பது நமக்கு வெளியூர் பழக்கம் ஒன்றும் கிடையாது. சித்திரையில் திருவையாற்று ஏழூர்த் திருவிழாவில் ஐயாறப்பர் பல்லக்கோடு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராக ஜனம் நடக்கிறது. வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் கடைசியில் காவி உடை உடுத்தி எத்தனை எத்தனை பேர் நடக்கிறார்கள். மயிலாடுதுறையில் ஐப்பசி முழுக்கக் காவிரியில் நீராடுகிற துலா முழுக்கு, மாதக் கடைசி நாள் முழுக்குக்குக் கடைமுகம் என்று பெயர். கால் முடியாத ஒருவர் துலா முழுக்குக்கு நடந்து நடந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துபோய்விட்டது, அவருக்காக இறைவன் கார்த்திகை முதல் நாளிலும் அதே பலனைக் கொடுத்தார் என்பது கதை, அதனால்தான் அன்றைய முழுக்குக்கு முடவன் முழுக்கு என்று பெயர். எனக்கு இந்தக் கதை மேல் தனிப் பிரியம். மெதுவாக நடந்து வருகிறவருக்காக ஒரு நாள் காத்திருந்த ஆறு இது.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன்.

கோடையில் தூர் வாருகிறார்கள், அது அவசியமான வேலை, நடக்காவிட்டால் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் போகாது. ஆனால் அள்ளிய மண்ணைப் பல இடங்களில் கரையின் மேலேயே குவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மட்டம் செய்வதில்லை. முதல் மழையில் அந்தக் குவியல் மேடும் பள்ளமுமாக இறுகிவிடுகிறது, அடுத்த வருடத்துக்குள் அதன் மேல் சீமைக் கருவேல் ஏறிவிடுகிறது, அதற்கடுத்த வருடம் அந்த இடத்தில் கரை வழி என்று ஒன்று இருந்ததே தெரியாது. ஐந்து வருடத்துக்கு முன்னால் சைக்கிளில் ஆள் போய் வந்த கரைகளில் மூன்றை இப்போது எங்களால் கடக்க முடியவில்லை. ஊர் எல்லையில் இருக்கிற கரைகளில் இன்னொரு கஷ்டம். குப்பை வண்டி வந்து கொட்டிவிட்டுப் போகிறது, அதில் பாதி மழையில் ஆற்றுக்குள் இறங்குகிறது. இரவில் குடிக்க வருகிறவர்கள் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள், அந்தக் கண்ணாடி வயலுக்குள் போய் நடவு நடுகிற பெண்களின் காலைத்தான் கிழிக்கிறது.

ஒரு கிராமத்தில் வாய்க்காலைத் தாண்ட ஒரு நடைபாலம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வெள்ளத்தில் அதன் நடுப்பகுதி போய்விட்டது. ஊர்க்காரர்கள் மூங்கில் கட்டி வைத்தார்கள், அதுவும் போன வருடம் ஒடிந்துவிட்டது. எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை நடை, சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம் அதிகம், அவ்வளவுதான். அக்கரையில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி. மனுக் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதி யாரையும் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை, வேலை நடந்தால் போதும்.

பொழுதுபோக்குக்கு நடக்கிறவர்களுக்காக அரசாங்கம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று யாராவது கேட்கலாம். போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தோம். கரையின் வெளிப்பக்கம், வயலை ஒட்டி, நண்டு வளை ஒன்றிலிருந்து தண்ணீர் கலங்கலாகக் கசிந்துகொண்டிருந்தது. கையளவு ஓட்டைதான். பக்கத்து வயல்காரரைத் தேடிப் பிடித்துச் சொன்னோம். அவர் ஓடி வந்து பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, வைக்கோலும் களிமண்ணும் வைத்து மிதித்து, மேலே மண் மூட்டை போட்டு அடைத்தார். "நீங்க இந்தப் பக்கம் வரலேன்னா ராத்திரியே வாய் பொளந்திருக்கும் தம்பி, கீழ அத்தனையும் நேத்து நட்ட தாளடி" என்றார். முன்பெல்லாம் கரையைக் காவல் பார்க்கிற பாசன ஊழியர்களான லஸ்கர்கள் வெள்ளக் காலத்தில் இரவும் பகலும் கரை மேலேயே நடந்து பார்ப்பார்கள் என்று அவர்தான் சொன்னார், கையில் லாந்தரோடு. இப்போது அத்தனை ஆள் இல்லை. ஆள் நடமாட்டம் உள்ள கரையில் கசிவு யார் கண்ணிலாவது பட்டுவிடும், முள் மூடிய கரையில் உடைந்த பிறகுதான் தெரியும். ஆக நான் கேட்பது எங்கள் நடைக்காக மட்டும் இல்லை.

நான் கேட்பதும் பெரிய திட்டம் இல்லை. சிமெண்ட் கல் பதித்த நடைமேடையும் அலங்கார விளக்கும் வேண்டவே வேண்டாம், மண் கரைதான் காலுக்கு நல்லது. தூர் வாரும் ஒப்பந்தத்திலேயே அள்ளிய மண்ணைக் கரை மேல் பரப்பி மட்டம் செய்ய வேண்டும் என்று சேர்த்து, செய்தார்களா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். தண்ணீர் திறப்பதற்கு முன்னால் வருடம் ஒரு முறை கரை மேல் இருக்கிற கருவேலை வேரோடு எடுக்க வேண்டும், வெட்டி மட்டும் விட்டால் நாலு மாதத்தில் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். உடைந்த நடைபாலங்களைக் கணக்கெடுத்துச் சரி செய்ய வேண்டும். தார்ச் சாலையிலிருந்து கரை வழி பிரிகிற இடத்தில் ஆற்றின் பெயரும் அடுத்த ஊரின் பெயரும் தூரமும் எழுதிய ஒரு கல் நட்டால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்தையும் தாண்டுகிறோம், பஸ்ஸில் இருக்கிற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் வரிசையாகச் சொல்கிறார்கள் என்று.

நடக்க வருகிறவர்களுக்கும் சில வார்த்தை. ஐப்பசியில் வரப்புகளின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்கி, அதாவது அண்டை வெட்டி, சேறு பூசியிருப்பார்கள், அந்த ஈரச் சேற்றில் கால் வைத்தால் ஒருவரின் அரை நாள் உழைப்பு வாய்க்காலில் போய்விடும், பெரிய கரையிலேயே நடங்கள். அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்துச் சாலைகளில் விவசாயிகள் குறுவை நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்று அந்த நெல்லோடு நெல்லாக விவசாயிகள் படுத்துக் கிடக்கிறார்கள், அதை மிதிக்காமல் ஓரமாகப் போங்கள், மழை வந்தால் நின்று தார்ப்பாய் இழுத்துப் போட ஒரு கை கொடுங்கள். காற்று மழைக்குப் பிறகு அறுந்து கிடக்கிற மின்கம்பி இருக்கலாம், தண்ணீர் தேங்கிய இடத்தில் முன்னால் போகிறவர் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். இடி இடித்தால் வெட்டவெளியிலும் ஒற்றைப் பனைக்கு அடியிலும் நிற்காதீர்கள். மதகு, ஷட்டர் பக்கம் குளிக்க இறங்கவே இறங்காதீர்கள், மேலே அமைதியாக இருக்கும், அடியில் இழுக்கும்.

இன்னொன்று, ஊர்க்காரர்களிடம் பேசிவிட்டு நடங்கள். கையை வீசிக்கொண்டு கரையில் போகிற டவுன் ஆளைப் பார்த்தால் அவர்களுக்கு முதலில் வருகிற சந்தேகம் மனை போட இடம் பார்க்க வந்திருக்கிறான் என்பதுதான். நாற்றுக்கட்டைத் தலையில் வைத்திருந்த ஒரு பெரியம்மா எங்களை நிறுத்தி, "மனை பாக்க வந்திருக்கியளா?" என்று நேராகவே கேட்டார். இல்லை பெரியம்மா, சும்மா நடக்கத்தான் வந்தோம் என்றதும் கொஞ்ச நேரம் எங்கள் முகத்தையே பார்த்தார். பிறகு, "நடங்க, நடங்க, வெதைச்ச எடத்துல மட்டும் மிதிக்காம போங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கரைக்குப் போகக் குறுக்கு வழியும் காட்டினார். அந்தச் சந்தேகம் நியாயமானது, அவர்கள் கண் முன்னால் எத்தனை வயலில் கல் நட்டிருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரட்டாசியிலிருந்து தை வரைக்கும் உங்கள் ஞாயிறு பதிப்பில் வாரம் ஒரு நடை வழி போடுங்கள், எந்த ஸ்டேஷனில் இறங்குவது, எந்தக் கரை, எங்கே டீக்கடை, திரும்ப ரயில் எத்தனை மணிக்கு என்று. எங்களிடம் இருக்கிற குறிப்புகளைத் தருகிறோம். அதோடு நான் சொன்ன அந்த வாய்க்கால் பாலம் எங்கே என்பதையும் தனியாக எழுதி இணைத்திருக்கிறேன், உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பிப் படம் எடுத்துப் போடுங்கள். மழை வலுப்பதற்குள் நாலு பலகை போட்டுவிட்டால் அக்கரைப் பிள்ளைகள் இந்தக் கார்த்திகையில் நேர் வழியிலேயே பள்ளிக்கூடம் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.