மைலோ டின்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள மல்லிகா,

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணிமலை முருகன் கோயிலுக்கு ஏறாமல் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு வந்ததாக எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தேன். ஐந்நூறு படிக்கு மேல் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவளாடி நீ!

நான் போன மாதத்தோடு ஓய்வு. கேக் வெட்டினார்கள், ஆயிற்று. மேசையைக் காலி செய்யும்போது, ஆராய்ச்சி உதவியாளராக நான் முதலில் கையில் பிடித்த கேள்வித்தாள் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃப்ரீஸ் என்ற மூட்டு நோய் டாக்டரும் அவர் குழுவும் 1980-இல் வெளியிட்டது. இருபது கேள்வி. கஷ்டமே இல்லையென்றால் 0, முடியவே முடியாதென்றால் 3. உடுத்த முடிகிறதா, குழாயைத் திருக முடிகிறதா, இப்படித்தான் போகும். டாக்டர் பார்த்துச் சொல்வதல்ல, நோயாளியே சொல்வது.

புதுப் பால் பெட்டியைத் திறக்க முடியுமா என்று ஒரு கேள்வி. யாரோ ஆபீசில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழாக்கியிருந்தார்கள். முடக்குவாதத்தோடு வந்த ஒரு பாட்டி, ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், "பால் பெட்டியா? நமக்கு டின் பால்தானே ஆயி" என்றார். பேன்ட்ரியிலிருந்து மைலோ டின்னை எடுத்து வந்து கொடுத்தேன். விரலெல்லாம் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருந்தது. டின்னை நெஞ்சோடு அணைத்து, கரண்டிக் காம்பை மூடிக்கு அடியில் கொடுத்து, இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கினார். அசையவில்லை. "பேத்தி வந்தா திறந்து குடுப்பா" என்று சிரித்தார். 3 என்று எழுதினேன். அந்த வாரம் அவருடைய ரத்தப் பரிசோதனை நன்றாகத்தான் இருந்தது.

பிறகு கேள்விகளைப் பேச்சுத் தமிழில் மாற்ற என்னையே உட்கார வைத்தார்கள். என் உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஃப்ரீஸ் 2021-இல் காலமானார். ஐம்பது வயது தாண்டி ஓடுகிறவர்களையும் ஓடாதவர்களையும் 1984-இலிருந்து வருஷா வருஷம் விசாரித்துக்கொண்டே இருந்தவர். பத்தொன்பது வருஷம் கழித்துப் பார்த்தால் ஓடியவர்களில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், ஓடாதவர்களில் 34. உடம்பு முடங்குவதும் ஓடியவர்களுக்குப் பல வருஷம் தள்ளியே வந்தது. ஓடுகிற தெம்பு உள்ளவர்கள்தானே ஓடியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் ஓடி ஓடி முட்டி தேய்ந்துவிடும் என்றார்களே, ஃப்ரீஸ் குழு எடுத்த எக்ஸ்ரேயில் அப்படித் தெரியவில்லை.

உன்னை ஓடச் சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டு, நடையை மட்டும் விடாதே. அந்தத் தாளும் ஐந்து படிதான் ஏறச் சொல்லிக் கேட்கிறது.

அடுத்த மாதம் ரயிலில் பட்டர்வொர்த் வந்து பெர்ரி பிடிக்கிறேன். அதற்குள் உன் வீட்டு மாடிப்படி ஏறும்போது எப்படி இருக்கிறதென்று 0 முதல் 3-க்குள் ஒரு நம்பர் எழுது. 'பரவாயில்லை' என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
சாந்தி