கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி

அன்புள்ள பாப்பா,

அடுத்த மாதம் 18-ஆம் தேதி உனக்கு 26 வயது நிறைகிறது. அந்த மாதக் கடைசியோடு என் இன்சூரன்ஸிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவதாகக் கடிதம் வந்துவிட்டது. அதை பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, பார்த்துக்கறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

20 வருஷமாக மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்கிற எனக்கு இந்த 26 என்ற எண்ணே பிடிக்காது. நீ இப்போது குடியிருக்கும் அதே மினியாபோலிஸில் அலெக் ஸ்மித் என்று ஒரு பையன் இருந்தான். உன்னைப் போலவே டைப் 1 சர்க்கரை, தினமும் இன்சுலின் போட்டே ஆக வேண்டும். ஓட்டலில் மேனேஜர் வேலை. 26 ஆனதும் அம்மாவின் இன்சூரன்ஸிலிருந்து வெளியே வந்தான். இன்சுலினும் மற்ற சாமான்களும் சேர்ந்து மாதம் 1,300 டாலர் கேட்டார்கள். சம்பளம் வரும்வரை இருக்கிற மருந்தை அளந்து அளந்து போட்டு ஓட்டிவிடலாம் என்று பார்த்திருக்கிறான். 2017 ஜூனில், இன்சூரன்ஸ் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, தன் வீட்டிலேயே இறந்து கிடந்தான். அவன் அப்படி மிச்சம் பிடித்தது அவன் அம்மாவுக்குத் தெரியாது.

எனக்கும் தெரியாமல்தானே இருந்தது? 2019 மார்ச்சில் நீ காலேஜிலிருந்து லீவுக்கு வந்தபோது, உன் பையில் இருந்த குப்பியை எடுத்து பிரிட்ஜில் வைக்கப் போனேன். என் கணக்குப்படி அது தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். பாதிக்கு மேல் இருந்தது. கேட்டதற்கு, "சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டேன்மா, அதான் மருந்து கம்மியாப் போதுது" என்றாய். ஜனவரி பிறந்தால் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை, மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அது தீரும்வரை முழு விலையும் நம் கையைக் கடிக்கும் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவும் நானும் சமையலறையில் பேசிக்கொண்டது உன் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கு உன்னைத் திட்டினேன். பிறகு கடைக்குப் போய் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இனி எவ்வளவு பணமுடை வந்தாலும் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டாய் என்று எனக்கு எழுதிக் கொடு. வாய்ச்சொல் வேண்டாம்.

அப்போது ஹியூமலாக் என்ற அந்த இன்சுலின் குப்பி 275 டாலர். 1996-ல் அதே மருந்து கடைக்கு வந்தபோது 21 டாலர். அதே குப்பி, அதே பத்து மில்லி, உள்ளே ஒரு சொட்டும் மாறவில்லை. இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கின் கூட்டாளிகள் 1923-ல் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பான்டிங் அதில் தன் பெயரே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். அங்கே தொடங்கிய பொருள் 275 டாலருக்கு எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. உனக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆடித் தள்ளுபடி பார்த்திருக்கிறாய் அல்லவா? ஆனி மாதத்தில் விலைச் சீட்டை ஏற்றி ஒட்டிவிட்டு, ஆடியில் பாதி விலை என்று பலகை மாட்டுவதாகப் பாட்டி புலம்புவார். இங்கே நடப்பதும் அதுதான், ஒரு வித்தியாசத்தோடு. தள்ளுபடி புடவை வாங்குகிறவளுக்குப் போவதில்லை, தரகருக்குப் போகிறது. பிபிஎம் என்று சொல்லும் அந்தத் தரகர்களில் பெரியவர்கள் மூன்று பேர், கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம். அமெரிக்காவில் எழுதப்படும் மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இவர்கள் வழியாகத்தான் போகிறது. எந்த மருந்து இன்சூரன்ஸ் பட்டியலில் இருக்கும், எது இருக்காது என்பது இவர்கள் கையில். பட்டியலில் இடம் வேண்டுமானால் கம்பெனி தள்ளுபடி தர வேண்டும். சீட்டு விலை ஏற ஏற தள்ளுபடியும் பெரிதாகும். டிடக்டிபிள் தீராத ஆளும் இன்சூரன்ஸே இல்லாத ஆளும் அந்த ஏற்றி ஒட்டிய சீட்டு விலையைக் கொடுப்பார்கள். கம்பெனியைக் கேட்டால் தரகரைக் காட்டுவார்கள், தரகரைக் கேட்டால் கம்பெனியைக் காட்டுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு வாய்ப்பூட்டு வேறு இருந்தது. இதை உன்னிடம் சொன்னதே இல்லை. சில மருந்துகளுக்கு இன்சூரன்ஸ் கோபே, அதாவது இன்சூரன்ஸில் வாங்கும்போது நாம் கொடுக்க வேண்டிய பங்கு, 30 டாலர் இருக்கும், இன்சூரன்ஸைக் காட்டாமல் காசு கொடுத்தால் பத்து டாலர்தான் ஆகும். அதை வாடிக்கையாளரிடம் நாமாகச் சொல்லக்கூடாது என்று தரகரோடு போட்ட ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். மீறினால் அந்த இன்சூரன்ஸ்காரர்கள் யாரும் நம் கடைக்கு வர முடியாமல் போய்விடும் என்று பார்மசிஸ்ட் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். தாத்தா வயதில் ஒருவர், இரத்த அழுத்த மாத்திரைக்கு மாதாமாதம் ஐந்து டாலர் நோட்டுகளாக எண்ணி வைப்பார். நான் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவருக்கு எப்படிக் கேட்கத் தோன்றும்? 2018 அக்டோபரில் சட்டம் போட்டு அந்தப் பூட்டை உடைத்தார்கள். அதற்குள் அவர் வருவது நின்றுவிட்டது.

அதனால் உனக்கு முதல் பாடம். எந்தக் கவுண்டரில் நின்றாலும், எந்த மருந்தானாலும், "இன்சூரன்ஸ் இல்லாமல் காசாகக் கொடுத்தால் எவ்வளவு?" என்று கேள். வெட்கப்படாதே. பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.

அந்த 275 டாலர் விலை பிறகு இறங்கியது தானாக நடக்கவில்லை பாப்பா. இந்த நாட்டில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ், மெடிகேர், உலகத்திலேயே பெரிய மருந்து வாடிக்கையாளர்களில் ஒன்று. அதற்கு 2003-ல் மருந்துத் திட்டம் கொண்டுவந்தபோது, விலை பேசக்கூடாது என்று அதே சட்டத்தில் எழுதினார்கள். காய்கறிக்காரரிடம்கூட நாம் பேரம் பேசுகிறோம்! விடியற்காலை மூன்று மணிக்கு வாக்கெடுப்பைத் தொடங்கி, வேண்டிய எண்ணிக்கை சேரும்வரை ஏறக்குறைய மூன்று மணி நேரம் இழுத்தடித்தார்கள். அதை நடத்திக்கொடுத்தவர்களில் ஒருவரான பில்லி டோசன் என்ற எம்.பி., 2005-ல் மருந்துக் கம்பெனிகள் சங்கத்தின் தலைவராகப் போய் உட்கார்ந்தார்.

நம் தமிழ்நாட்டில் 1994-லேயே மருத்துவச் சேவைக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கி, எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து டெண்டர் விட்டு மொத்தமாக மருந்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். உன் தாத்தா கும்பகோணம் பெரியாஸ்பத்திரியில் கால் கடுக்க நின்று சர்க்கரை மாத்திரை வாங்கி வருவார். கூட்டத்தைத் திட்டுவார், நர்ஸைத் திட்டுவார். விலையைத் திட்டியதில்லை, ஏனென்றால் விலையே கிடையாது. மொத்தமாக வாங்குகிறவன் பேசினால் விலை குறையும் என்பதை ஒப்புக்கொள்ள அமெரிக்காவுக்கு 2022 ஆகஸ்ட் வரை ஆனது. அதுவும் செனட்டில் 50-க்கு 50, அன்றைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் ஓட்டுப் போட்டுத்தான் அந்தச் சட்டம் நிறைவேறியது. முதலில் பேசிய பத்து மருந்துகளின் விலை 2026 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. மாதத்துக்கு 527 டாலராக இருந்த ஜனுவியா என்ற சர்க்கரை மாத்திரை மெடிகேருக்கு 113. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் 521 டாலர் எலிக்விஸ் 231. கம்ப்யூட்டரில் அந்த எண்களைப் பார்த்தபோது தப்பாக ஏறிவிட்டதோ என்று இரண்டாம் தடவை தட்டிப் பார்த்தேன்.

அதே சட்டத்தில்தான் மெடிகேர்காரர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று வந்தது. உன் வயசுக்காரர்களின் இன்சூரன்ஸுக்கும் அதையே வைக்கப் பார்த்தார்கள். 57 பேர் ஆதரவு, 43 பேர் எதிர்ப்பு. 60 வேண்டும் என்ற விதியால் தோற்றது. அன்று இரவு டிவியில் அந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போனது நினைவிருக்கிறதா?

பிறகு 2023 மார்ச்சில் ஹியூமலாக் தயாரிக்கும் லில்லி கம்பெனி தானாகவே இன்சுலின் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. இன்சுலின் விற்கும் மற்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. என்னோடு வேலை பார்க்கிறவர்கள் மகராசன்கள் என்று வாழ்த்தினார்கள். எனக்கு வாழ்த்த வரவில்லை. விலைவாசியைவிட வேகமாக விலை ஏற்றினால் ஏழைகளுக்கான மெடிகெய்டுக்குக் கம்பெனி பணம் திருப்பித் தர வேண்டும். அந்தத் தொகைக்கு ஒரு உச்சவரம்பு இருந்தது, 2024 ஜனவரியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பழைய விலையிலேயே நின்றிருந்தால் விற்கிற விலையைவிடத் திருப்பித் தருவது அதிகமாகியிருக்கும். அதோடு, பஸ் ஏறி கனடாவின் வின்ட்சருக்குப் போய் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இன்சுலின் வாங்கி வந்து டிவியில் காட்டிய தாய்மார்கள் வேறு விடவில்லை. அலெக்கின் அம்மா ஓயாமல் ஏறி இறங்கியதில்தான் 2020-ல் உங்கள் மாநிலமான மினசோட்டாவில் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. அது அமலுக்கு வருவதற்கு முதல் நாள் கம்பெனிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. ஆனாலும் சட்டம் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தைத்தான் நீ மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கையில் ஒரு வாரத்துக்கும் குறைவாக இன்சுலின் இருந்து, வாங்க வழியில்லை என்றால், மினசோட்டாவில் எந்த மருந்துக் கடையிலும் போய் அவசரத் தேவை என்று சொல்லலாம். ஒரு மாத மருந்து 35 டாலருக்குள் கொடுப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவைதான். கடைப் பையனுக்குத் தெரியாவிட்டால் பார்மசிஸ்டைக் கூப்பிடச் சொல். அவருக்கும் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அப்புறம், உன் புது கம்பெனியில் இன்சூரன்ஸ் இல்லை என்றாய். மாநில இன்சூரன்ஸ் சந்தையில் சேர, பழையது போன பிறகும் 60 நாள் இருக்கிறது என்று நீ நெட்டில் படித்துவிட்டுத் தைரியமாக இருக்கிறாய். 60 நாள் உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு மாதம் காலியாக விழுந்துவிடக்கூடாது. பழையது முடிவதற்கு முன்னாலேயே விண்ணப்பம் போடு. மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் திட்டம் எடுக்காதே, டிடக்டிபிளைப் பார், பட்டியலில் உன் இன்சுலின் எது என்று பார். ஹியூமலாக் இல்லை, லிஸ்ப்ரோ என்று பேர் போட்டது இருக்கிறது என்றால் பயப்படாதே. உள்ளே இருப்பது அதேதான், அதே கம்பெனிதான். காசாக வாங்கினாலே குப்பி 25 டாலர்.

சென்சாருக்கும் பம்ப் சாமானுக்கும் இந்த 35 கணக்கெல்லாம் கிடையாது. அங்கேயும் பணம் போகும். அதை என்னிடம் மறைக்காதே. கொடுக்க எங்களால் முடியும், மறைத்ததைக் கண்டுபிடிக்கத்தான் உன் பிரிட்ஜ் இனி என் கைக்கு எட்டாது.

பார்சலில் பருப்புப்பொடியும் நாரத்தங்காயும் வைத்திருக்கிறேன். இன்சுலின் அனுப்பவில்லை, வழியில் உறைந்துபோகும். மினசோட்டா குளிரில் காரிலும் விட்டுவிடாதே, ஒரு தடவை உறைந்தால் குப்பையில்தான் போட வேண்டும்.

புது இன்சூரன்ஸ் அட்டை வந்ததும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அதில் பொடி எழுத்தில் பின் (BIN) என்று போட்டு ஆறு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். வெட்டுப்படாமல் எடு. அந்த எண்ணைப் பார்த்தால் தரகர்களில் உனக்கு வாய்த்தது யார் என்று சொல்லிவிடுவேன். புதன்கிழமை எனக்கு லீவு, அன்றைக்குக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா