கருத்துக்கேட்பு கூட்டத்த வேலைக்குப் போறவங்களும் வர்ற நேரத்துல வைங்க: கோரிக்கை மனு

பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள்

பொருள்: கட்டட, நிலப்பயன்பாட்டுத் திட்டங்களுக்கான கருத்துக்கேட்பு கூட்டத்தோட நேரத்தையும் நடைமுறையையும் மாத்தறது சம்பந்தமா

ஐயா, வணக்கம்.

பக்கத்து மனைல என்ன வருது, எத்தன மாடி வருது, ரோட்ட எந்தப் பக்கம் அகலப்படுத்தப் போறாங்கன்னு முடிவு பண்ற கூட்டம் எல்லாமே வார நாள்ல காலைல 11 மணிக்குத்தான் நடக்குது. அந்த நேரத்துல நாங்க வேலைல இருக்கோம். லீவு போட்டா அன்னைக்கு சம்பளம் போச்சு, தினக்கூலிக்குப் போறவங்களுக்கு லீவுன்னு ஒண்ணே கிடையாது. சரி அரை நாள் பர்மிஷன் கேட்டு வந்து உக்காந்தா நம்ம ஏரியா விஷயம் அஜெண்டால எங்கயோ கீழ கிடக்கும், எப்ப கூப்பிடுவாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, லஞ்ச் முடிஞ்சு வாங்கன்னு சொல்வாங்க, அதுக்குள்ள பர்மிஷன் டைம் முடிஞ்சு நாங்க ஓடணும். அப்புறம் மினிட்ஸ்ல (கூட்டத்துல பேசினத எழுதி வைக்கற பதிவுல) பாத்தா "பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் வரவில்லை"ன்னு ஒத்த வரி இருக்கு.

ஆட்சேபணை இருந்துச்சுங்க ஐயா, அத சொல்ல வேண்டியவங்க டூட்டில இருந்தாங்க, அவ்ளோதான். எங்க வருத்தமே இந்த ஒத்த வரிதான், ஏன்னா அதுக்கப்புறம் எங்க போய் முறையிட்டாலும் இதத்தான் எடுத்து நீட்டறாங்க.

இது நம்ம ஊர் பிரச்சனை மட்டும் இல்ல. அமெரிக்கால மாசசூசெட்ஸ் மாகாணத்துல 97 ஊர்களோட திட்டக் கூட்ட மினிட்ஸ எடுத்து யார் யார் பேசினாங்கன்னு ஆராய்ச்சி பண்ணாங்க, பேசினவங்கள்ல வயசானவங்க, சொந்த வீட்டுக்காரங்க, ரொம்ப வருஷமா அங்கயே இருக்கறவங்கதான் அந்தந்த ஊர் மக்கள்தொகைல இருக்கற அளவ விட அதிகமா இருந்தாங்க. அவங்க பேசக் கூடாதுன்னு நாங்க சொல்லல, ரிட்டயர் ஆனவங்க நேரம் ஒதுக்கி வர்றதாலதான் கொஞ்சமாவது கேள்வி எழும்புது, அதுக்கு அவங்களுக்கு நன்றிதான் சொல்லணும். ஆனா வாடகைக்கு இருக்கறவங்க, கைக்குழந்த வச்சிருக்கவங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சு காலைல தூங்கறவங்க குரல் எங்க வருது?

ஜூம் லிங்க் குடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு ஒரு பேச்சு ஓடுது. கோவிட் சமயத்துல கூட்டம் ஆன்லைனுக்குப் போனப்ப அதே ஆராய்ச்சிக்காரங்க மறுபடி பாத்தாங்க, அப்பவும் பெரும்பாலும் அதே மாதிரி ஆளுங்கதான் பேசியிருக்காங்க. இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. வேலை நேரத்துல ஃபோன லாக்கர்ல வைக்கச் சொல்ற இடத்துல இருக்கறவங்களுக்கு 11 மணி லிங்க் எதுக்கு? லிங்க் வேணும், ஆனா நேரத்த மாத்தாம லிங்க் மட்டும் குடுத்தா பத்தாது.

இன்னொண்ணு, எது செஞ்சாலும் தற்காலிகமா செய்யாதீங்க. இங்கிலாந்துல 2020ல கவுன்சில் கூட்டங்கள ஆன்லைன்ல நடத்த விதி போட்டாங்க, 2021 மே மாசத்தோட அது காலாவதி ஆச்சு, அப்புறம் கவுன்சிலர்கள் மறுபடி நேர்ல வந்து உக்கார வேண்டியதாப் போச்சு. அதனால கூட்ட நடைமுறை விதிலயே எழுதிடுங்க.

நோட்டீஸ் விஷயமும் இருக்கு. ஆஃபீஸ் உள்ள இருக்கற போர்டுல ஒட்டறீங்க, ஆஃபீஸ் நேரத்துல வர முடியாதவங்க அத எப்ப வந்து படிக்கறது? வெப்சைட்ல போடற மேப் ஸ்கேன் பண்ண பிடிஎஃப், ஜூம் பண்ணா சர்வே நம்பர் எல்லாம் கலங்கித் தெரியுது. பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்திருக்கற 1998 ஆர்ஹஸ் உடன்படிக்கைல சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட முடிவுகளுக்கே, முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி எல்லா வழியும் திறந்திருக்கும்போதே மக்கள் கருத்த கேக்கணும், அதுக்குத் தயாராக போதுமான நேரமும் குடுக்கணும்னு இருக்கு. அந்த உடன்படிக்கை நம்மள கட்டுப்படுத்துதோ இல்லையோ, கேக்கற விஷயம் நியாயமானதுதான.

அதனால நாங்க கேக்கறது இதுதான். கூட்டத்த ஒரு தடவ சாயங்காலம் 6 மணிக்கு மேல, அடுத்த தடவ சனிக்கிழமை காலைலன்னு மாத்தி மாத்தி வைங்க, ஏன்னா எல்லாத்தையும் சாயங்காலமே வச்சா செகண்ட் ஷிஃப்ட்காரங்க மாட்டிக்குவாங்க. ஸ்டாஃபுக்கும் குடும்பம் இருக்கு, அவங்களுக்கு காம்ப் ஆஃப் (அதுக்கு ஈடா லீவு) குடுங்க. ஒவ்வொரு ஏரியா விஷயத்தயும் எத்தன மணிக்கு எடுப்பீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க, இது ஒண்ணு செஞ்சாலே பாதி கஷ்டம் தீந்துடும், செலவும் இல்ல. மூணு வாரம் முன்னாடி தெளிவான மேப்போட நோட்டீஸ சம்பந்தப்பட்ட தெருவுலயே ஒட்டுங்க. வர முடியாதவங்க எழுத்துலயோ வாய்ஸ் மெசேஜாவோ அனுப்பற ஆட்சேபணைய கூட்டத்துல வாசிச்சு, நேர்ல சொன்னதுக்கு சமமா மினிட்ஸ்ல ஏத்தி, ஏத்துக்கலன்னா ஏன்னு பதிலும் குடுங்க.

அடுத்த கூட்டத்துக்கு இன்னும் தேதி குறிக்கல, அதுலேர்ந்தே ஆரம்பிக்க முடியுமான்னு எழுத்துப்பூர்வமா பதில் தரும்படி கேட்டுக்கறோம்.

இப்படிக்கு,
வேலைக்குப் போற குடியிருப்பாளர்கள்
(கையெழுத்துகள் தனித் தாள்ல இணைச்சிருக்கோம்)