ஒரே முக்கோணத்துக்குள் இரண்டு பிளாஸ்டிக்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலி பெட் பாட்டில்களைத் தனியாகப் பிரித்துப் போடச் சொல்லி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பெருந்துறை பக்கம், பாட்டிலை அரைத்து நூலுக்கு அனுப்பும் பட்டறை ஒன்றில் 11 வருடமாக, அரைத்த சில்லைச் சூட்டில் உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொள்கிறேன். பெட் போலவே இருந்து அதோடு கலந்துவிடும் பெட்‑ஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக்கைப் பற்றி அந்தச் செய்தியில் விட்டுப்போனதைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் விடிகாலை ஷிஃப்டில் டிரையரிலிருந்து சில்லு இறங்கவே இல்லை. திறந்து பார்த்தால் தேங்காய் தேங்காயாகக் கட்டி. ஆறவிட்டு, கம்பியால் இடித்து எடுக்க மதியமாகிவிட்டது. ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தேன். வெளுத்துப்போன சில்லுகளுக்கு நடுவில், வெளுக்காமல் கண்ணாடி போலவே இருந்த துண்டுகள் பசையாகப் பிடித்திருந்தன. அதுதான் பெட்‑ஜி.

பெட் என்பது டெரிஃப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. சீராக இருப்பதால் சூட்டில் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிப் படிகமாகும், அப்போதுதான் வெளுக்கும். அப்புறம் 160 டிகிரியிலும் ஒட்டாது. பெட்‑ஜியில் கிளைக்காலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, சைக்ளோஹெக்சேன் டைமெத்தனால் என்ற பருத்த வளையத்தைச் சேர்க்கிறார்கள். மல்லிகைச் சரத்தில் அங்கங்கே தாமரையைச் சேர்த்துக் கட்டினால் சரங்கள் ஒன்றோடொன்று படியுமா? படிகமே உண்டாகாது. 80 டிகிரி தாண்டினால் இளகிவிடும்.

பெட் சங்கிலியில் வேறு பொருளைக் கலப்பதே தப்பு என்று சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலிலேயே ஐசோஃப்தாலிக் அமிலம் கொஞ்சம் சேர்ப்பதுண்டு. அது படிகமாவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது, எங்களுக்குத் தொந்தரவில்லை. பெட்‑ஜியும் நல்ல பொருள்தான், கனமாக வார்த்தாலும் தெளிவு குறையாது. ஆனால் சில்லைப் பிரிக்கும் எங்கள் தண்ணீர்த் தொட்டியில் மூடிச் சில்லு மிதக்கும், பெட் மூழ்கும். பெட்‑ஜியும் கூடவே மூழ்கிவிடும். கண்ணால் பார்த்தும் பிரிக்க முடியாது. பிளாஸ்டிக்கின் வகையைக் காட்ட அடியில் போடும் முக்கோணமும் எண்ணும்கூட இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்: அதே முக்கோணம், அதே 1.

கலிபோர்னியாவில் 2017இலேயே சட்டம் போட்டு, உருகுநிலையை வைத்து எது பெட் என்று வரையறுத்துவிட்டார்கள். இங்கேயும் அப்படிச் செய்து பெட்‑ஜிக்கு வேறு எண் கொடுக்க வேண்டும்.

அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டிலை இறுக்கிச் சுற்றியிருக்கும் பளபள லேபிள் பல நேரம் பெட்‑ஜிதான். கத்தரிக்கோலால் கீறி, அதை உரித்துவிட்டுப் பாட்டிலைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெருந்துறை