கியர் பாக்ஸ் இறக்கிய கதை

கூமா, ஆஸ்திரேலியா,
ஆடி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். நலமறிய ஆவல்.

அப்பா, உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாலே வரி எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பதில் எழுத எனக்கு மூன்று வாரம். கோபிக்க வேண்டாம். போனில் பேசினால் "கேக்கல, அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுகிறீர்கள். முப்பது வருஷம் ஜீப் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த காது, அதைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. அதனால் இனி நானும் காகிதத்திலேயே எழுதுகிறேன்.

இங்கே இப்போது நடுக் குளிர்காலம். காலையில் மைனஸ் ஆறு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதில்லை, உள்ளேயே உறைந்து கிடக்கிறது. வெயில் ஏறும் வரை காத்திருந்துதான் பல் விளக்க வேண்டும். அம்மா, ஸ்வெட்டர் இருக்கிறது, இரண்டு இருக்கிறது. இந்த வருஷம் மலையில் பனி சரியாக விழவில்லை. அதனால் மோட்டலில் கூட்டம் குறைவு, எனக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் சமையல்கட்டு வேலை. நல்ல ஓய்வு கிடைக்கிறது.

அந்த ஓய்வில் ஒரு வேலை செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒரு டொயோட்டா லேண்ட் க்ரூசர் ஜீப்பில் கியர் பாக்ஸ் மாற்றினேன்!

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், இந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டையோடு திரிபவர். வந்த புதிதில் எந்த ஊர் என்று கேட்டார், போடி என்றேன். என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அன்று முதல் என்னைப் "போடி" என்றுதான் கூப்பிடுகிறார். தெருவில் நின்று "போடி! போடி!" என்று கத்துவார். அம்மா சிரிப்பாள் என்று தெரியும். அர்த்தத்தை நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

அவருடைய அப்பா இத்தாலியிலிருந்து இங்கே சுரங்கம் வெட்ட வந்தவர். ஸ்நோயி மலைத் திட்டம் என்று பெயர், 1949இல் ஆரம்பித்து 1974இல் முடித்திருக்கிறார்கள். கிழக்கே கடலுக்குப் போகும் தண்ணீரை மலையைக் குடைந்து மேற்கே வயல்களுக்குத் திருப்பிவிட்டார்கள். நம் முல்லைப் பெரியாறு கதையேதான், திசைதான் வேறு. பதினாறு அணை, லட்சம் பேருக்கு மேல் வேலை. அந்த மலைப் பாதைகளுக்காக 1950களின் கடைசியில் தீஸ் என்ற ஒப்பந்தக்காரர் ஜப்பானிலிருந்து லேண்ட் க்ரூசர் இறக்கினாராம். இந்த நாட்டில் டொயோட்டா காலூன்றியதே அப்படித்தான் என்று பெரியவர் சொந்தக் கதை போலச் சொல்வார்.

அவரிடம் இருப்பது 1982 மாடல் எஃப்ஜே 40. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், நாலு கியர். மூன்றாவது தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். அவர் ஒரு கையால் ராடைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார். 60 சீரிஸ் லேண்ட் க்ரூசர் ஒன்றை உடைத்த இடத்தில் ஐந்து கியர் பெட்டி ஒன்று, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பரோடு சேர்த்தே கிடைத்தது. முதுகு பிடித்துக்கொண்டதால் அவரால் வண்டிக்கு அடியில் படுக்க முடியாது. "உங்க அப்பா ஜீப் டிரைவர்தானே, நீ படு" என்றார். படுத்தேன்.

சீட்டைக் கழற்றி, தரையில் இருக்கும் மூடியைக் கழற்றி, முன்னும் பின்னும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை விட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். அவர் ஒவ்வொரு போல்ட்டையும் முட்டை அட்டையில் ஒரு குழியில் போட்டு நம்பர் எழுதினார். பன்னிரண்டு முட்டை அட்டை நாலு நிரம்பியது. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே தகர டப்பாவில் போட்டுக் கடைசியில் இரண்டு போல்ட் மிச்சம் வைப்பீர்களே, அதைச் சொன்னேன். அவருக்குத் தூக்கமே வந்திருக்காது.

இறக்குவது பெரிய வேலையில்லை, ஏற்றுவதுதான். புது கிளட்ச் ப்ளேட் போட்டு, பழைய பெட்டியின் இன்புட் ஷாஃப்டை வைத்து நடு பார்த்து இறுக்கினேன். ஜாக்கியில் பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டி மெல்ல உள்ளே தள்ளினோம். போகிறது, போகிறது, கடைசி அரை இஞ்ச் போகவில்லை. பெரியவர் நாலு போல்ட்டை மாட்டி இறுக்கி இழுத்துவிடலாம் என்றார். எனக்கு உடனே உங்கள் சத்தம் கேட்டது. "போல்ட்டைப் போட்டு இழுக்காதடா, ப்ளேட் ஹப் போயிரும். அது உள்ள போகணும்னு நீ நினைச்சாப் போதாது, அதுவா நினைக்கணும்." ட்ரான்ஸ்பரை ஹையில் வைத்து, டாப் கியரில் போட்டு, பின் ஃப்ளேஞ்சைக் கையால் கொஞ்சம் திருப்பினேன். கொஞ்சம்தான். பல்லும் பல்லும் பார்த்துக்கொண்டன. தடக் என்று பெட்டி உள்ளே போய் உட்கார்ந்தது.

பெரியவர் வாயைத் திறந்து பார்த்தார். நான் உடனே வெளியே வரவில்லை. கை, சட்டை, தலைமுடி எல்லாம் கியர் ஆயில். அந்த வாடை உங்கள் காக்கிச் சட்டை வாடை அப்பா. இருட்டில் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு பதினேழு வளைவு ஏறி, ராத்திரி வீட்டுக்கு வந்து நடையில் சட்டையைக் கழற்றிப் போடுவீர்களே, அந்த வாடை. குளிரில் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

புதுப் பெட்டி கொஞ்சம் நீளம். பின் ஷாஃப்டைக் குறைத்து முன் ஷாஃப்டை நீட்ட வேண்டியிருந்தது, லேத்துக்காரரிடம் கொடுத்து வாங்கினோம். ஐந்தாவது கியர் விகிதம் 0.845. நாலாவதில் எஞ்சின் 3,000 சுற்று சுற்றும் வேகத்தில் இப்போது 2,500 சொச்சம்தான். பெரியவர் நெடுஞ்சாலையில் எண்பதுக்கு மேல் போய் வருஷக்கணக்கு ஆயிற்றாம். கேன்பரா வரை போய்த் திரும்பினோம், வண்டிக்குள் பேசினால் கேட்டது.

அன்று அவர் வீட்டில்தான் சாப்பாடு. போலெண்டா என்றார், தட்டில் வந்தது நம் சோளக் களி. கருவாட்டுக் குழம்பு ஒன்றுதான் இல்லை. கூலி என்று சில நோட்டை நீட்டினார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

சரி, வீட்டு விஷயம். ஜீப்பைக் கம்பத்துக்காரர் கேட்கிறார், கொடுக்கட்டுமா என்று எழுதியிருந்தீர்கள். இதற்குத்தான் மூன்று வாரம் ஆனது. ஆவணியில் தங்கச்சிக்கு வளைகாப்பு, அதற்குப் பணம் வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் தெரிகிறது. இந்த மாதம் நான் அனுப்புவது கொஞ்சம் தள்ளிப் போகும், பேங்கில் ஏதோ சிக்கல். சீட்டுக்காரரிடம் அடுத்த மாதம் இரண்டு தவணை சேர்த்துக் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். பெரியத்தானிடம் கேட்க வேண்டாம், அவர் கொடுப்பார், அத்தை பத்து வருஷம் சொல்லிக் காட்டுவாள். வைகாசி அறுவடைக் குத்தகைப் பணம் பாக்கி இருக்கிறதே, சித்தப்பாவை அனுப்பி அதை முதலில் வாங்குங்கள். அதுவும் வரவில்லையென்றால் ஜீப்பைக் கொடுத்துவிடுங்கள். வண்டியை வெயிலில் நிறுத்திக் காட்டாதீர்கள், வலது பக்க மட்கார்டு துரு தெரியும். விலையைச் சித்தப்பா பேசட்டும், நீங்கள் பேசினால் குறைத்துவிடுவீர்கள்.

அம்மா, நீ மாத்திரையை விடாதே. தங்கச்சிக்குப் புளிப்பு கேட்டால் கொடு, திட்டாதே.

இப்படிக்கு,
உங்கள் சின்னவன்

பி.கு.: அப்பா, புதுப் பெட்டியில் ரிவர்ஸ் போடும்போது மட்டும் கர்ரென்று பல் கடிக்கிறது. மற்ற கியரெல்லாம் வெண்ணெய். கிளட்ச் முழுசாக விடவில்லையா, லைனில் காற்று நிற்கிறதா? பெரியவர் தினமும் கேட்கிறார், எங்க அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.