பாமினியில் வரும் படிவமும் கையிலுள்ள போனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் பல வீடுகளில் உள்ள ஒரே கணினி போன்தான். கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பும், மாதர் சங்கத்தின் கணக்கறிக்கையும், காணிக் கச்சேரிக்குக் கொண்டுபோகும் முறைப்பாடும், உயர்தரப் பிள்ளையின் செயற்றிட்டமும் ஆறங்குலத் திரையில் பெருவிரலால் எழுதப்பட்டு, கடைசியில் ஒரு கொமினிக்கேஷன் கடையில் தாளாக வெளியே வருகின்றன. இந்த வழியில் எங்கே எழுத்துக் குலைகிறது, ஏன் குலைகிறது என்பதைத் தட்டச்சு வேலை செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். எங்கள் முதற் கோரிக்கை, வட்ஸ்அப் குழுக்களில் படிவம் அனுப்பும் அலுவலகங்களிடமும் நிறுவனங்களிடமும்தான்: தயவுசெய்து பாமினியில் தட்டச்சிட்ட வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள்.

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை இருத்திய எழுத்துரு. அதில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். பாமினி நிறுவிய கணினி அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. போனில் அந்த எழுத்துரு இல்லாததால் உள்ளது உள்ளபடியே தெரிகிறது. கோப்புப் பழுதாகவும் இல்லை, வைரஸும் இல்லை. இது தெரியாமல் பலர் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் அனுப்பச் சொல்கிறார்கள். மீண்டும் அதுவேதான் வரும். சந்தேகமென்றால் சொற்களின் தொடக்கத்தைப் பாருங்கள். பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. ஆகவே 'இலக்கம்', 'இல்லை', 'இரணைமடு' எல்லாம் காற்புள்ளியோடு தொடங்கும். அப்படி நின்றால் அது பாமினிதான்.

போனிலும் பாமினியை ஏற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கணினியில் நிறுவுவதுபோல அன்ட்ரொய்ட் போனில் ஒரு எழுத்துருவை நிறுவி எல்லாச் செயலிகளிலும் பாவிக்க முடியாது. சில போன்களில் முழுப் போனுக்குமான எழுத்துருவை மாற்றும் வசதி இருக்கிறது. அந்த வழியால் பாமினியை ஏற்றிவிட்டால் ஆங்கிலத்தில் இருக்கும் பட்டியல்கள், குறுஞ்செய்திகள் எல்லாம் தமிழ் எழுத்துச் சிதறலாகிவிடும். பிறகு அமைப்புப் பக்கத்தைத் தேடிப் பிடித்துத் திருப்பி வைப்பதே பெரிய வேலை. தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம்.

உள்ள வழி, போனும் கணினியும் தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறிமுறையான யுனிகோட்டுக்கு மாற்றுவது. கோப்பில் முழுவதையும் தெரிவுசெய்து நகலெடுத்து, இணையத்திலுள்ள மாற்றிப் பக்கத்தில் ஒட்டி, மாற்றியதைப் புதுக் கோப்பில் ஒட்ட வேண்டும். சொல்லச் சுலபம். ஆனால் அட்டவணை குலைந்து வரிகளாகிவிடும், தடித்த எழுத்துப் போய்விடும். படிவம் என்றால் ஒவ்வொரு கட்டமாக எடுத்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அதிலும் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, பழைய அடையாள அட்டை இலக்கம். ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால் வரும் 'வி' என்ற ஆங்கில எழுத்து, மாற்றியின் கண்ணுக்குப் பாமினியின் 'ஏ'. 'எக்ஸ்' என்றால் 'ஓ'. ஐம்பது பேரின் பெயர்ப் பட்டியலை ஒரே தடவையில் மாற்றினால் ஐம்பது இலக்கமும் 'ஏ'யில் முடிந்து நிற்கும். மின்னஞ்சல் முகவரிக்கும் இதே கதி. இலக்கங்களையும் ஆங்கிலப் பகுதிகளையும் மாற்றாமல் தனியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

மற்றது கண்ணுக்குத் தெரியாத பிழை. அதனால்தான் ஆபத்துக் கூட. பாமினியில் 'ள' என்ற எழுத்துக்கும் 'கௌ' என்பதன் பின்பகுதிக்கும் ஒரே விசை. எது எதுவென்று மாற்றிக்குத் தெரியாது. ஆகவே 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆகும். 'வெள்ளாங்குளம்' என்பது 'வௌ்ளாங்குளம்' ஆகும். மறுபக்கம் 'கௌரவ' என்பது 'கெளரவ' ஆகும். சின்னத் திரையில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. சில போன்களில் மட்டும் குற்று விலகி, புள்ளி வைத்த வட்டத்தின்மேல் நிற்கும். ஆனால் பயனாளிகள் பட்டியலில் 'வெள்ளாங்குளம்' என்று தேடினால் கிடைக்காது. பட்டியலில் பெயரே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். இதற்கு மருந்து இருக்கிறது. கூகுள் டொக்ஸில் மேலேயுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, தேடி மாற்றும் வசதியைத் திறந்து, 'வௌ்' என்பதை 'வெள்' என்றும் 'வௌி' என்பதை 'வெளி' என்றும் மாற்றுங்கள். 'வௌ' என்று தனியே போட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். 'வௌவால்' போன்ற சரியான சொற்களும் கெட்டுவிடும்.

இவ்வளவு பாடும் அனுப்புகிறவரின் கணினியில் அரை நிமிட வேலையால் இல்லாமற்போகும். வேர்டில் சேமிக்கும்போது வகையைப் பி.டி.எவ் என்று தெரிவுசெய்தால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும். எந்தப் போனிலும் ஒரே மாதிரித் தெரியும், எந்தக் கடையிலும் ஒரே மாதிரிப் பிறின்ற் வரும். பேனையால் நிரப்பிக் கொடுக்கும் படிவத்துக்கு அதுவே போதும். தட்டச்சிட்டு நிரப்ப வேண்டிய படிவம் என்றால் யுனிகோட்டில் ஒரு வேர்ட் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். எழுத்துரு லதா அல்லது நிர்மலா யுஐ. பாமினியில் பழகிய விரலை மாற்ற முடியாது என்பதுதான் அலுவலகங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். மாற்றவே தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பாமினி விசைப்பலகை அமைப்பு இருக்கிறது. அதே விசையை அதே ஒழுங்கில் அடிக்கலாம், கோப்புக்குள் யுனிகோட்டாகப் பதியும்.

இனி, போனிலேயே எழுதுகிறவர்களின் பக்கம்.

பிறின்ற் எடுக்க வரும் கோப்புகளில் அதிகமாகக் காணும் குறை இடைவெளி விசையால் நிரை கட்டுவது. போன் விசைப்பலகையில் கணினியில் உள்ளதுபோல 'ராப்' (Tab) விசை இல்லை. அதனால் பெயருக்கும் அடையாள அட்டை இலக்கத்துக்கும் ஒப்பத்துக்கும் இடையில் இடைவெளியைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்தி நேராக்குகிறார்கள். திரையில் நேராகத் தெரியும், தாளில் பாம்பு போல வளைந்து வரும். தமிழ் எழுத்துகள் ஒரே அகலமில்லை. 'ர' ஒடுங்கியது, 'ணை' அகன்றது. எழுத்துரு மாறினால் ஒவ்வொரு வரியும் வேறுவேறு அளவில் நகரும். செய்ய வேண்டியது அட்டவணை போடுவதுதான். வேர்ட் செயலியில் செருகும் பகுதிக்குப் போய் அட்டவணையைத் தொட்டு, வேண்டிய நிரைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடு தெரியக்கூடாதென்றால் ஓரக்கோட்டை நீக்கிவிடலாம்.

எழுதி முடித்ததும் போன் பார்வையிலிருந்து தாள் பார்வைக்கு மாற்றிப் பார்க்காமல் கடைக்கு வராதீர்கள். போன் பார்வையில் வரிகள் திரையின் அகலத்துக்கு மடிந்து நிற்கும். பக்கம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. தாளின் அளவையும் பாருங்கள். கூகுள் டொக்ஸ் சில கணக்குகளில் அமெரிக்க லெட்டர் அளவில் தொடங்குகிறது. அது 216 மில்லிமீற்றர் அகலம், 279 உயரம். எங்கள் கடைகளில் இருப்பது ஏ4. 210 அகலம், 297 உயரம். அகலம் 6 மில்லிமீற்றர் குறைவதால் ஓரம் வெட்டுப்படும், அல்லது அச்சுப்பொறி முழுவதையும் சுருக்கும். மூன்று புள்ளி, பக்க அமைப்பு, தாள் அளவு, ஏ4. எழுதத் தொடங்குமுன் செய்தால் பிறகு பக்கங்கள் குலையாது.

வட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டால் அது வாசிக்க மட்டும் திறக்கும். திருத்தப்போனால் பிரதி ஒன்றைச் சேமிக்கச் சொல்லும். திருத்தம் எல்லாம் அந்தப் பிரதியில்தான் இருக்கிறது. பிறகு வட்ஸ்அப்புக்குத் திரும்பிப்போய்ப் பழைய செய்தியையே முன்னனுப்பினால் போவது திருத்தாத கோப்பு. பிரதிக்குத் திகதியோடு வேறு பெயர் வைத்து, வேர்ட் செயலிக்குள்ளிருந்தே பகிருங்கள். கடைக்கென்றால் அங்கேயே பி.டி.எவ் ஆக்கி அனுப்புங்கள்.

ஏ9 வீதியை விட்டு உள்ளே போகப்போகச் சிக்னல் மெலியும். கூகுள் டொக்ஸ் கோப்பை இணையமில்லாமல் திறக்க வேண்டுமென்றால், இணையம் இருக்கும்போதே அந்தக் கோப்பின் மூன்று புள்ளியில் அதற்கான தெரிவைப் போட்டுவைக்க வேண்டும். கூட்டம் நடக்கும் மண்டபத்தில் போய் நின்று செய்ய முடியாது. வேர்டில் புதுக் கோப்பைச் சேமிக்கும்போது 'இந்தச் சாதனம்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். நினைவகம் குறைந்த போன்களில் எழுதிக்கொண்டிருக்கும்போது படமெடுக்கப் போனாலோ அழைப்பு வந்தாலோ பின்னாலிருக்கும் செயலியைப் போன் மூடிவிடும். சேமிக்காத பந்தி போனது போனதுதான்.

ரப் எனப்படும் பலகைக் கணினி வாங்க யோசிப்பவர்களுக்கு ஒன்று: வேர்ட் செயலியில் இலவசமாகத் திருத்தலாம் என்பது 10.1 அங்குலம் வரையான திரைக்கு மட்டும். அதைவிடப் பெரியதில் வாசிக்கலாம், திருத்தச் சந்தா கட்ட வேண்டும். பெரிய திரை வசதி என்று நினைத்து வாங்கிவிட்டுத் தவிக்க வேண்டாம்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கில ஒலியால் தமிழ் அடிக்கும் விசைப்பலகையில் ல, ள, ழ மூன்றும், ன, ண இரண்டும், ர, ற இரண்டும் ஒரே எழுத்திலிருந்து பிறக்கலாம். போன் முன்வைக்கும் முதற் சொல்லை அப்படியே ஏற்றால் முள்ளியவளை 'முல்லியவலை' ஆகும், இரணைமடு 'இரனைமடு' ஆகும். ஊர்ப் பெயரென்றால் வாசிப்பவர் விளங்கிக்கொள்வார். காணி அனுமதிப்பத்திரத்தில் உள்ள ஆளின் பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒரு எழுத்தால் வேறுபட்டால், சத்தியக் கடதாசி முடிக்க அலைய வேண்டிவரும். பெயர் அடிக்கும்போதாவது தமிழ் எழுத்துகளையே காட்டும் விசைப்பலகைக்கு மாறுங்கள். கேர்சரைச் சரியான எழுத்தில் வைக்க முடியாமல் முழுச் சொல்லையும் அழிப்பவர்கள், கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் இடைவெளி விசையில் விரலை வைத்து இடம் வலமாக இழுத்துப் பாருங்கள், எழுத்தெழுத்தாக நகரும்.

ஆசிரியர் அவர்களே, ஆக்கங்கள் கோரும் அறிவித்தல்கள் சிலவற்றில் 'பாமினியில் தட்டச்சிட்டு அனுப்பவும்' என்ற வரி இன்னமும் வருகிறது. போன் மட்டுமே வைத்திருக்கும் ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பிள்ளைகளின் கவிதையும் கட்டுரையும் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிடுகின்றன. உங்கள் பத்திரிகையின் அறிவித்தலில் 'யுனிகோட்டில், மின்னஞ்சலின் உடலிலேயே எழுதி அனுப்பலாம்' என்று போட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பணியாளர்கள் சிலர்,
கிளிநொச்சி.