கிரிக்கெட் சங்க ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே! வராதவர்களுக்கு இதன் நகல் வாட்ஸப் குழுவில் போடப்படும்.

கொடியேற்றம், ஆயுத பூஜை, பொங்கல் விளையாட்டு ஆகியவை வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, பிட்ச் மேல் விரிக்கும் தென்னைநார் மேட் வாங்கியது. நீளம் 66 அடி, அதாவது 22 கெஜம். ஸ்டம்புக்கு ஸ்டம்பு சரியான அளவு. முதல் நாள் மாலை மண்ணில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி, மறுநாள் மேட்டை நாலு மூலையிலும் இழுத்து நெருக்கமாக ஆணி அடிக்க வேண்டும். சுருக்கம் விழுந்தால் ஒரு பந்து எகிறும், அடுத்தது தரையோடு போகும். கோடைப் போட்டியன்று மேட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இதை யாரும் சொல்லவில்லை.

எல்லாரும் சொல்வது வேறு என்பதால் அதையும் பதிவு செய்கிறேன். மேட்டின் விளிம்பில் ஸ்டம்பு நட்டு, நாலடி உள்ளே பேட்டிங் கிரீஸ் கோடு போடுவதே முறை. அன்று விளிம்பையே கோடாகக் கொண்டு, நாலடி பின்னால் ஸ்டம்பு நடப்பட்டுவிட்டது. இரு முனையிலும் சேர்த்து பிட்ச் 74 அடி! நம் பையன்கள் போட்ட, காலடியில் விழ வேண்டிய யார்க்கரெல்லாம் முன்னாலேயே விழுந்து பேட்டுக்கு வாகாக எழுந்தன. சுழற்பந்தில் குட்டையாக விழுந்தவை கோட்டுக்கு முன்பே இரண்டாம் முறை குத்தின. 2017 முதல் ஒரு முறைக்கு மேல் குத்தினாலே நோ-பால். அம்பயர் கை இறங்கவே இல்லை. தண்ணீர் இடைவேளையில் எதிரணித் தலைவர் தப்படி போட்டுப் பார்த்தார். 24 தாண்டியும் ஸ்டம்பு வரவில்லை. ஸ்டம்புகளை விளிம்புக்கு நகர்த்திச் சுண்ணாம்புக் கோடு போட்டது பத்து நிமிட வேலை. ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கச் சம்மதித்தார்கள். அதிலும் தோற்றோம்.

மைதானக் குழுவில் ஐவர் பெயர் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு ஒருவரும் வரவில்லை. அளக்கும் டேப் அவர்களில் ஒருவர் வீட்டில், போன் எடுக்கப்படவில்லை. செயலாளரும் பள்ளி மாணவர் இருவரும் மேட்டையே அளவாக நம்ப நேர்ந்தது. மேட்டின் அளவில் பிழை இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

வரவும் செலவும் ஏறக்குறைய நேராகிவிட்டன. விவரம் பொருளாளர் நோட்டில். மேட் கடைக்கு ஒரு சிறு பாக்கி உண்டு. உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் தீபாவளிக்குப் பின் சந்தா கட்டவில்லை. '74 அடி' என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் பெரும்பாலும் அவர்களே.

மைதானம் தந்த பள்ளிக்கும், மோர் கொடுத்த வீட்டாருக்கும், பொறுமை காட்டிய எதிரணிக்கும் நன்றி.

அடுத்த கோடைக்குள் மேட்டிலேயே வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டுவிட எண்ணம். பெயின்டுக்குப் பணம் வேண்டும். நிலம் அளக்கும் பழைய கன்டர் சங்கிலியும் இதே 66 அடிதான். யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சங்கத்துக்குத் தரலாம். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியே. சந்தா பாக்கி இல்லாதவராக, ஐந்தரைக்கு எழுபவராக இருக்க வேண்டும். டேப் இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்